கழுத்தை மட்டும் இறுக்கும் டை

விசைத்தறிக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்தே ஆயுளின் பெரும்பகுதியைப் பொதட்டூர்பேட்டையில் கழித்துவிட்ட என்னிடம், ரைஃபிள் தோட்டாவின் கழுத்தைச் சரிப்படுத்துகிற உருக்கு அச்சுகளான டைகளில் எது உத்தமம் என்று டெக்சாஸிலிருந்து ஒருவர் யோசனை கேட்டால், கேட்பவருக்குப் பொழுது போகவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கேட்டவன் என் அக்காள் மகன், பள்ளி விடுமுறை நாட்களில் என் லேத்துக்குப் பக்கத்தில் நின்று பித்தளைச் சுருள் பொறுக்கியவன், உலோகம் என்று வந்துவிட்டால் மாமாவுக்குத் தெரியாதது இல்லை என்ற பால்ய நம்பிக்கையை நரை தோன்றிய பிறகும் விடாதவன் ஆகையால், தட்டிக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவனிடம் இரண்டு ரைஃபிள்கள் இருக்கின்றன. ஒன்று .308 வின்செஸ்டர், இலக்குச் சுடுவதற்கு. மற்றொன்று நம் தேசத்தது: வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் 1940களில் செய்த லீ-என்ஃபீல்டு .303, உபரிச் சாமானாகக் கடல் கடந்து போய், அங்கே ஒரு கடையின் மூலையில் கிடந்ததை, முத்திரையில் 'இஷாப்பூர்' என்ற பெயரைக் கண்ட மாத்திரத்தில் வாங்கிவிட்டான். சுட்ட தோட்டாக் கூட்டைத் தானே மறுபடியும் நிரப்பிக்கொள்வது அந்த ஊரில் சாதாரணக் குடிமக்களின் பொழுதுபோக்கு. கடைத் தோட்டாவைவிடச் செலவும் குறைவு, சுடுவதும் நுட்பம் என்கிறார்கள்.

இந்தியாவில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன். நம்முடைய 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டா வகையறாவுக்குச் சொல்லும் லட்சணத்தில், தோட்டாவின் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் இயந்திர சாதனங்களையும் சேர்த்தே அடக்கியிருக்கிறது. ஆகையால் இங்கே விவரிக்கப் போகிற டை, பார்வைக்கு நம் பட்டறையில் கிடக்கும் எத்தனையோ உருக்குத் துண்டுகளில் ஒன்றைப் போல இருந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அப்படி அன்று. லைசென்ஸ் இல்லாமல் வரவழைப்பதும் கடைந்து பார்ப்பதும் வம்பை விலைக்கு வாங்குவதாகும். நானும் அதைக் கையால் தொட்டவன் அல்லன். அவன் அனுப்பிய படங்களையும் அளவுகளையும் கொண்டு, காலெட், புஷ், ரீமர் இவற்றோடு எனக்குள்ள பரிச்சயத்தை வைத்தே பேசுகிறேன்.

நம் ஊர்ப் பக்கம் இந்த விஷயம் யார் வாயிலும் அடிபடாததற்குச் சட்டம் மட்டும் காரணம் அன்று. துப்பாக்கி சுடுதலில் நாம் கொண்டாடும் கீர்த்தியெல்லாம் பெரும்பாலும் காற்றுத் துப்பாக்கியால் வந்தது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வாங்கிய தங்கமும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வாங்கிய வெண்கலமும் பத்து மீட்டர் காற்று ரைஃபிளுக்கே. அதில் வெடிமருந்தும் இல்லை, பித்தளைக் கூடும் இல்லை. ஐம்பது மீட்டர் போட்டிக்கான .22 தோட்டாவிலோ, தட்டினால் தீப்பிடிக்கும் மருந்தை அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே பூசிவிடுகிறார்கள். ஊசி அடித்த இடம் நசுங்கியபின் அந்தக் கூடு குப்பைக்குத்தான். ஆகவே கழுத்துள்ள பெரிய ரைஃபிள் தோட்டாவைத் திரும்ப நிரப்பும் சந்தர்ப்பம் நம்மில் வெகு சிலருக்கே வாய்க்கிறது.

கழுத்து என்கிறேனே, எல்லாத் தோட்டாவுக்கும் அது உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். நமக்கு வடக்கே ரேணிகுண்டாவை ஒட்டிய மாமண்டூர்க் காட்டில் புலி தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் கையில் வைத்திருந்த .405 வின்செஸ்டருக்குத் தோளும் கிடையாது, கழுத்தும் கிடையாது. அடியிலிருந்து வாய்வரை ஒரே சீராகச் சிறுத்துப் போகும் கூடு அது. .308, .303 போன்றவற்றில் உடல் பருத்திருக்கும், மேலே தோள் சரியும், அதற்கு மேல் ஒரு குறுகிய கழுத்து. அந்தக் கழுத்துத்தான் குண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

சுடும்போது நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த அந்தப் பித்தளை, உள்ளே மருந்து எரிந்து அழுத்தம் ஏறியவுடன் நாற்புறமும் விரிந்து, ரைஃபிளின் தோட்டா அறைச் சுவரோடு போய் ஒட்டி, வாயு பின்பக்கம் கசியாமல் அடைத்துக்கொள்கிறது. குண்டு குழலை விட்டுப் போய் அழுத்தம் இறங்கியதும், தன் சுபாவத்தால் மிகச் சொற்பமாகச் சுருங்கி, வெளியே எடுக்க இடம் கொடுக்கிறது. வெளியே வருகிற கூடு தொழிற்சாலை செய்த கூடு அன்று. அந்த ஒரு ரைஃபிளின் அறையை வார்ப்பெடுத்தது போன்ற கூடு. கழுத்தும் விரிந்துவிட்டபடியால் புதுக் குண்டை வைத்தால் உள்ளே விழுந்துவிடும். முழு டையில் கொடுத்தால் உடல், தோள், கழுத்து எல்லாவற்றையும் நெருக்கி, எந்த ரைஃபிளிலும் நுழையும் பொது அளவுக்குக் கொண்டுவந்துவிடும். நெக் சைஸிங் டை கழுத்தை மட்டும் இறுக்கி, மற்றதை அந்த அறை கொடுத்த வடிவத்திலேயே விட்டுவிடும். வெகுநாள் சேர்ந்து ஓடி ஒன்றுக்கொன்று இடம் கொடுத்துப் பழகிய கிராங்க் ஷாஃப்டையும் அதன் புஷ்ஷையும் பிரித்து வேறு தறியில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை நம் ஊரில் எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் சொல்வார்; கூட்டுக்கும் அறைக்கும் உள்ள சம்பந்தமும் அத்தகையதே. அதனால்தான், கழுத்தை மட்டும் இறுக்கிய கூட்டை அதே ரைஃபிளுக்கே உபயோகிக்க வேண்டும் என்பது இதில் முதல் விதி.

இங்கிருந்துதான் என் அபிப்பிராயம் பிறக்கிறது. டையை டையின் குணம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது தலைகீழான முறை. முதலில் அறை எப்படிப்பட்டது, பித்தளை எவ்வளவு கனம், கனம் சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று அளந்துவிட்டால், எந்த டை என்பது அநேகமாகத் தானே முடிவாகிவிடும். மருமானோ கம்பெனிப் பெயர்களில் ஆரம்பித்தான்.

"மாமா, ரெட்டிங்கா, லீயா, வில்சனா? ஒண்ணு சொல்லுங்க."

"சுட்ட கூட்டோட கழுத்து என்ன அளவு இருக்குடா?"

"அதெல்லாம் அளக்கலையே."

"அளந்துட்டுப் போன் பண்ணு. பேரை அப்புறம் பார்க்கலாம்."

லீ-என்ஃபீல்டை முதலில் எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் அதில்தான் கழுத்தை மட்டும் இறுக்குவதன் நியாயம் கண்ணாடிபோலத் தெரிகிறது. சேறும் மணலும் ஒட்டிய தோட்டாவும் தடையின்றி நுழைய வேண்டும் என்பதற்காக அந்த ராணுவ ரைஃபிள்களின் அறையைத் தாராளமாகக் குடைந்துவிட்டார்கள். தோட்டா முன்னே போகாமல் நிறுத்துவது அதன் அடிவிளிம்பு. தோள் எங்கே இருந்தால் என்ன என்ற அலட்சியம் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. போதாததற்கு, அறையின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைப் பூட்டும் காதுகள் முன்பக்கம் இல்லாமல் பின்பக்கம் இருப்பதால், சுடும் கணத்தில் போல்ட்டும் சட்டமும் சற்று நெகிழ்ந்து கொடுக்கின்றன. இத்தனையும் சேர்ந்து கூட்டை நீளவாக்கில் இழுக்கின்றன. முழு டையில் போட்டுத் தோளைப் பின்னுக்குத் தள்ளினால் அடுத்த வெடியில் மறுபடியும் அதே தூரம் இழுபடும்; இப்படிச் சில தடவை ஆனதும், அடிவிளிம்புக்குச் சிறிது மேலே, கனத்த அடிப்பாகம் மெல்லிய சுவராக மாறும் இடத்தில் பித்தளை உள்ளுக்குள் தேய்ந்து, வெளியே மினுமினுப்பான ஒரு வளையம் தோன்றும். அலட்சியம் செய்தால் ஒரு நாள் அடி தனியாகக் கையில் வரும், மேல்பாதி அறைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். வாயு பின்பக்கம் பீறிட்டால் சுடுகிறவன் கண்ணுக்கே ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். காகிதம் கோக்கும் கம்பியை நிமிர்த்தி, நுனியைச் சிறு கொக்கியாக மடக்கிக் கூர் தீட்டி, கூட்டின் உட்சுவரில் அடியிலிருந்து மேல்நோக்கி மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல கூட்டில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். தேய்ந்த கூட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவது விரலுக்குத் தெரியும். தெரிந்தால் அந்தக் கூட்டைத் தட்டையாக நசுக்கி எறிந்துவிட வேண்டும். என் மருமான் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு இதை எனக்குச் செய்து காட்டினான். பழைய கூடு ஒன்றில் கம்பி 'டிக்' என்று விழுந்த சத்தம் இங்கே எனக்கே கேட்டது.

கழுத்தை மட்டும் இறுக்கினால் தோள் முன்னே போன இடத்திலேயே நிற்கும், அடுத்த வெடியில் கூடு அடிவிளிம்பை மட்டும் நம்பாமல் தோளிலும் தாங்கி நிற்கும், நீட்சி குறையும். முதல் வெடியில் ஏற்படும் நீட்சியை இந்த டை தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்காகச் சிலர் புதுக் கூட்டின் விளிம்புக்கு முன்னால் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தை மாட்டி, கூடு பின்பக்கம் போல்ட்டோடு அழுந்தி நிற்கும்படி செய்து முதல் வெடியைப் போடுகிறார்கள். கெட்டிக்காரத்தனமான உபாயம் என்று ஒப்புக்கொள்ளுகிறேன்.

.303 வைத்திருப்பவருக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. நம் நாட்டு ராணுவத் தோட்டாவின் காலிக்கூட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி டையில் விட்டால், சுட்டுத் தீர்ந்த கேப்பை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடியை, வெளியே தள்ளுவதற்காக டையின் நடுவே நிற்கும் ஊசி முறியும். காரணம், அந்தக் கூடுகள் பெர்டான் முறையில் செய்தவை. அவற்றில் தீ போகும் துளை நடுவில் ஒன்றாக இல்லாமல் ஓரத்தில் இரண்டாக இருக்கும். நடுவில் ஒரே துளையுள்ள பாக்ஸர் முறைக் கூடுதான் டைக்கு ஏற்றது. பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கா முழுவதும் பாக்ஸர் முறையைப் பின்பற்ற, இங்கிலாந்துக்காக நாம் செய்த தோட்டாவில் பெர்டான் முறை! அந்தக் காலத் தோட்டாவுக்குள் மருந்து தூளாகவும் இராது. கயிறு கயிறாக இருக்கும் கார்டைட். நீலகிரியில் அரவங்காட்டுத் தொழிற்சாலை அதன் பெயரிலேயே ஏற்பட்டது.

இனி டைகளுக்கு வருவோம். சாதாரண நெக் டையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை: கழுத்தைத் தேவைக்கும் அதிகமாக நெருக்கிவிட்டு, பிறகு நடுவிலுள்ள உருக்குக் குமிழை உள்ளிருந்து வெளியே இழுத்து வேண்டிய அளவுக்கு விரிக்கும். ஒரே பித்தளையை இரண்டு முறை எதிரெதிராக வதைப்பது அது. குமிழ் வெளியே வரும்போது உராய்ந்து கழுத்தைக் கோணலாக இழுப்பதும் உண்டு. கழுத்துக்குள் கொஞ்சம் கிராஃபைட் தடவினால் உராய்வு குறையும். விலையைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தென்படவில்லை; அந்த விலையிலும் அடுத்ததே அதை வென்றுவிடுகிறது.

அடுத்தது விஸ்கான்சின் மாகாணத்து லீ கம்பெனியின் காலெட் டை. (ரைஃபிளின் பெயரிலுள்ள லீ வேறு ஆள்.) படத்தைப் பார்த்தவுடன் எனக்குப் புன்னகை வந்தது; ஏனெனில் லேத்தில் சிறு கம்பிகளைப் பிடிக்க நாங்கள் உபயோகிக்கும் காலெட்டேதான் அது, தலைகீழாக. நீளவாக்கில் பிளந்து விரல் விரலாகப் பிரிந்த ஓர் உருக்குக் குழாய். உள்ளே கழுத்துக்குள் நுழையும் மெருகிட்ட தண்டு. டையை மாட்டிய பிரஸ்ஸின் நெம்புகோலை அழுத்தினால் விரல்கள் சாய்வுப் பரப்பில் ஏறி மூடிக்கொண்டு, கழுத்தை வெளியிலிருந்து தண்டின்மேல் அழுத்துகின்றன. இதில் இரண்டு சௌகரியங்கள். உரசல் இல்லாததால் எண்ணெய் பூச வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். உள்விட்டத்தைத் தண்டே நிர்ணயிப்பதால், ஒரு கூட்டுக்கும் மற்றொன்றுக்கும் பித்தளையின் கனம் வேறுபட்டாலும் குண்டைப் பிடிக்கும் பிடி மாறாது. பிடி போதவில்லை என்றால் தண்டை லேத்தில் ஓடவிட்டு நைஸ் எமரித் தாளால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்துவிடலாம். குறைந்த அளவுத் தண்டுகளைக் கம்பெனியே தனியாகவும் தருகிறது.

குறையும் உண்டு. கைக்கு ஓர் அனுபவம் வரும்வரை ஒரு கூடு கெட்டியாகவும் ஒரு கூடு தளர்ந்தும் வரும், ஏனென்றால் எவ்வளவு அழுத்துவது என்பது இங்கே டையின் கையில் இல்லை, மனிதன் கையில் இருக்கிறது. புதிதாக வரும் டையின் சாய்வுப் பரப்பு சொரசொரவென்று இருந்தால் காலெட் பாதியில் சிக்கிக்கொள்ளும். பிரித்து, நைஸ் தாளால் மெருகிட்டு, துளி கிரீஸ் வைத்து மூடினால் சரியாகிவிடும். கூடு இல்லாமல் நெம்புகோலை ஓங்கி அழுத்தினால் விரல்கள் ஒன்றோடொன்று நசுங்கும். அதைச் செய்யவே கூடாது. ஒருமுறை அழுத்தியபின் கூட்டைச் சற்றுத் திருப்பி மறுமுறை அழுத்துவது நல்லது. கழுத்தின்மேல் மெல்லிய நெடுங்கோடுகள் விழும். அவை விரல்களின் இடைவெளி பதிந்த அடையாளம், தோஷம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது புஷ்ஷிங் டை. நியூயார்க் மாகாணத்து ரெட்டிங் கம்பெனியின் டைகளில் இது பிரசித்தம். வில்சன் கம்பெனியின் கை டையும் இந்த இனமே. டையின் தலைக்குள் ஒரு சிறு உருக்கு வளையம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வரிசையாகக் கிடைக்கிறது, வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம். வளையத்தை அசையாமல் முறுக்கி வைக்கக் கூடாது என்பதுதான் இதன் சூட்சுமம். மேல் திருகை இறுக்கிவிட்டுக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். டையைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே வளையம் ஆடும் சத்தம் கேட்க வேண்டும். அப்போதுதான் அது கழுத்தைத் தேடித் தானே மையத்துக்கு வரும். நகரும் புஷ்ஷை ஒரு நல்ல ஃபிட்டர் எப்படி மதிப்பான் என்பது எனக்குத் தெரியுமாகையால், இந்த ஏற்பாட்டைச் செய்தவன் தொழில் தெரிந்தவன் என்றே சொல்வேன்.

ஆனால் வளையம் வெளியிலிருந்து மட்டுமே அழுத்துகிறது. கழுத்துச் சுவர் ஒருபுறம் தடித்தும் ஒருபுறம் மெலிந்தும் இருந்தால் அந்தக் கோணல் முழுவதும் உள்ளே போய்விடும். வெளிப்புறம் அழகான வட்டம், உட்புறம் அவலட்சணம். அப்படிப்பட்ட பித்தளைக்குக் கழுத்தை வெளியே சீவிச் சமன்செய்யும் வேலை முன்கூட்டியே ஆக வேண்டும். அதற்குச் சாதனமும் பொறுமையும் இல்லாதவன் இந்த டைக்குப் பணம் போடுவது வீண். மேலும், ஒரே அடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குமேல் குறைத்தால் கழுத்து கோணும் என்பதால், தாராளமான அறை உள்ளவர்கள் இரண்டு வளையம் வாங்கி இரண்டு படியில் இறங்க வேண்டும்.

பித்தளையின் கடினம் இந்தக் கணக்கையெல்லாம் மெல்ல மெல்லக் கலைக்கும். அடிபட அடிபடப் பித்தளை விறைத்து, இறுக்கிய அளவிலிருந்து அதிகமாகத் திரும்பி விரியும். நேற்று சரியாக இருந்த வளையம் சில மாதத்தில் தளர்ந்ததுபோலத் தோன்றும். கழுத்தை மட்டும் சூடேற்றி மிருதுவாக்குவது பரிகாரம். அடிப்பாகத்தில் சூடு ஏறவே கூடாது, ஏறினால் கூடு உயிருக்கு எமன். விறைத்த பித்தளையின் கோபத்தை உலகுக்குக் காட்டியதே நம் தேசந்தான்: பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்திய ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்கள் யாரும் தொடாமலே கீறல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி, இழுத்துச் செய்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட விறைப்போடு சேர்ந்து செய்த வேலை அது என்பது 1920களில்தான் தெளிவாயிற்று. அதனால் அம்மோனியா கலந்த பாலிஷ் எதையும் கூட்டில் தடவாதே என்று அவனுக்குச் சொன்னேன். அங்கே சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கிறார்களாம். நம் வீட்டுப் புளியின் தூரத்துச் சொந்தம்! குத்துவிளக்கை வெகுநேரம் புளியில் விட்டால் சிவப்பேறுவதுபோல அதிலும் ஏறும். நேரம் பார்த்து எடுக்க வேண்டும்.

கழுத்தை மட்டும் இறுக்குவதே எக்காலத்துக்கும் உயர்ந்தது என்ற மதம் இப்போது அவ்வளவு செல்வாக்காக இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. மேஜைமேல் ரைஃபிளைத் தாங்கவைத்துச் சுடும் அமெரிக்கப் போட்டியாளர்களில் பலர் முழு டைக்கே திரும்பிவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய முழு டை தங்கள் அறைக்கென்றே கடைந்தது, உடலைத் தொட்டும் தொடாமலும் தோளை ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ மட்டும் பின்னுக்குத் தள்ளுவது. அவர்கள் சொல்லும் காரணமும் நியாயமானதே: கழுத்தை மட்டும் இறுக்கிய கூடு சில தடவைக்குப் பின் அறையில் பிதுங்கி, போல்ட்டைத் தூக்கவே பலம் வேண்டியிருக்கும்; தூக்கும் பிரயாசையில் ரைஃபிள் அசைந்தால் குறி போய்விடும். எப்படியும் ஒருநாள் தோளைத் தள்ளியே ஆக வேண்டும். தானாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கிகளுக்கும், நுழையாவிட்டால் ஆபத்து என்ற இடத்துக்கும் முழு டையே உரியது.

அளவுகள் வந்தன. இஷாப்பூர் ரைஃபிளுக்குக் காலெட் டை என்று இருவரும் உடனே ஒத்துப்போனோம். தாராளமான அறை, பல கம்பெனிக் கலப்புப் பித்தளை, வேறு டைக்கு அங்கே வேலையே இல்லை. .308க்குத்தான் வாதம். சுட்ட கழுத்து 0.343 அங்குலம், குண்டு வைத்த கழுத்து 0.337. பித்தளை திரும்பி விரிவதையும் பிடிப்பையும் சேர்த்து இரண்டு பங்கு கழித்தால் 0.335 வளையம்; இறங்க வேண்டியது எட்டுப் பங்கு ஆகையால் நடுவே 0.339 ஒன்று.

"ரெண்டு வளையம், டை தனி... இந்தக் காசுக்கு இன்னொரு காலெட் டையும் நாலு பெட்டி குண்டும் வரும் மாமா."

"குண்டு வெச்ச அளவை எதால எடுத்தே?"

"வெர்னியர்ல."

வெர்னியர் காட்டும் ஆயிரத்தில் ஒன்றை நம்பி ஆயிரத்தில் ஒன்று வித்தியாசமுள்ள வளையத்தை வாங்குவது சரியன்று. மைக்ரோமீட்டரால், கழுத்தைச் சுற்றி மூன்று இடத்தில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றும் ஒத்து வந்தால் புஷ்ஷிங் டை வாங்கட்டும். வராவிட்டால் அவன் சொன்ன கணக்கே சரி.